சூப்பர் கார்: வேகமா, விலையா, விவேகமா?

முன்னுரை

'சூப்பர்' என்னும் சொல் நம் நாவில் ஊறிவிட்ட ஒன்று. சாம்பார் மணத்தாலும் சூப்பர், கோலம் அழகாக அமைந்தாலும் சூப்பர் என்கிறோம். ஆனால் மோட்டார் உலகில் இச்சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. உலகெங்கும் ஓடும் கோடிக்கணக்கான கார்களில் மிகச் சிலவற்றையே 'சூப்பர் கார்' என்று அழைக்கிறார்கள். எதை வைத்து அப்படி அழைக்கிறார்கள்? வேகத்தையா, விலையையா, அழகையா? அத்தகைய கார் ஒன்றைக் கோடீசுவரர் அல்லாத ஒருவர் வாங்க முடியுமா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே எங்கள் நோக்கம்.

"கார் பற்றிப் பெண் பிள்ளைகளுக்கு என்ன பேச்சு?" என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு வரலாறே பதில் சொல்லும். மோட்டார் காரில் முதன்முதலாக நெடுந்தூரப் பயணம் செய்தவர் ஒரு பெண். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே அவர் செய்த வண்டியை எடுத்துக்கொண்டு, தம் இரு மகன்களுடன் ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பி ஊசியால் அடைப்பை நீக்கினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பட்டை அடித்து வாங்கினார். ஆகவே, தோழியரே, தயக்கமின்றி உள்ளே நுழைவோம்.

பெயர் பிறந்த கதை

அமெரிக்காவில் 1960களில் பெரிய எஞ்சின் பொருத்திய கார்களையும் 'சூப்பர் கார்' என்று அழைத்ததுண்டு. ஆனால் இன்று நாம் அறிந்துள்ள பொருளில் முதல் சூப்பர் கார் எது என்று கேட்டால், பெரும்பாலோர் இத்தாலி நாட்டு லம்போர்கினி மியூராவையே சுட்டுவர்.

ஃபெருச்சியோ லம்போர்கினி 1916இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், இராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகளின் பாகங்களைக் கொண்டு டிராக்டர்கள் செய்து விற்றுச் செல்வந்தரானார். அவரிடம் ஃபெராரி கார்கள் இருந்தன. அவற்றின் கிளட்ச் அடிக்கடி தொல்லை கொடுத்ததாம். இதை என்ஸோ ஃபெராரியிடம் சொல்லப்போக, "உமக்கு டிராக்டர்தான் ஓட்டத் தெரியும்" என்ற வகையில் பதில் கிடைத்ததாகவும், அந்த ரோஷத்திலேயே சொந்தமாகக் கார்த் தொழிற்சாலை தொடங்கியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1963இல் சாந்த் ஆகத்தா என்ற சிற்றூரில் தொழிற்சாலை எழுந்தது உண்மை.

அங்கு வேலை பார்த்த பொறியாளர்கள் ஜான் பாவ்லோ தல்லாரா, பாவ்லோ ஸ்தன்ஸானி, வண்டியை ஓட்டிச் சோதிக்கும் பாப் வாலஸ் ஆகிய மூவரும் அப்போது முப்பது வயதை எட்டாதவர்கள். பந்தயக் கார்களில் இருப்பதுபோல் எஞ்சினை நடுவில் வைத்துச் சாலையில் ஓடும் கார் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 1965இல் தூரின் நகரக் கண்காட்சியில் மேல்கூடு இல்லாத வெறும் அடிச்சட்டத்தை மட்டும் காட்சிக்கு வைத்தார்கள். உடம்பே இல்லாத அந்த வண்டிக்கு ஆர்டர்கள் வந்து குவிந்தன! பெர்த்தோனே நிறுவனத்தைச் சேர்ந்த மார்செல்லோ காந்தினி என்ற 27 வயது இளைஞர் அதற்கு உருவம் கொடுக்க, 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் மியூரா அரங்கேறியது.

அதன் உயரம் ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். நம் இடுப்புக்குச் சற்று மேலே, அவ்வளவே. பன்னிரண்டு சிலிண்டர், 3.9 லிட்டர் எஞ்சின், 350 குதிரைத்திறன். முன்விளக்குகளைச் சுற்றிக் கண்ணிமை மயிர்களைப் போன்ற கறுப்புக் கீற்றுகள். 'மியூரா' என்பது ஸ்பெயின் நாட்டில் சண்டைக் காளைகளை வளர்த்துப் புகழ்பெற்ற ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் காளைகளின் சீற்றம் அந்த வண்டியிலும் இருந்தது.

எஞ்சின் எங்கே இருக்கிறது?

மியூராவின் பெருமை அதன் எஞ்சின் எவ்வளவு பெரியது என்பதில் மட்டும் இல்லை. எங்கே இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. சாதாரணக் கார்களில் எஞ்சின் முன்பக்கம் இருக்கும். பெரும்பாலான சூப்பர் கார்களில் அது ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும். இதனால் என்ன நன்மை?

வகுப்பறையிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கைகளிலும் தண்ணீர் நிரம்பிய செம்புகளை ஏந்தி, கைகளை அகல நீட்டிக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். உடம்பு தள்ளாடும், திரும்புவதும் கடினம், திரும்பிய பின் நிற்பதும் கடினம். இப்போது அதே செம்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்புங்கள். எளிதாகத் திரும்பலாம். எடை மாறவில்லை, எடை இருந்த இடம்தான் மாறியது. காரிலுள்ள பொருள்களில் மிகக் கனமானது எஞ்சின். அது வண்டியின் நடுப்பகுதியில் அமைந்தால், வளைவுகளில் வண்டி நினைத்த மாத்திரத்தில் திரும்புகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. வண்டி வேகமெடுக்கும்போது பாரம் பின்புறம் சாய்கிறது. பேருந்து சட்டென்று கிளம்பினால் நாம் பின்னோக்கிச் சாய்கிறோம் அல்லவா, அதுபோலத்தான். பின்சக்கரங்களின் மேல் பாரம் கூடினால் டயர் சாலையை இறுகப் பற்றும்; எஞ்சினின் சக்தி வீணாகச் சுழலாமல் ஓட்டமாக மாறும்.

நன்மைக்கு விலையும் உண்டு. எஞ்சின் நடுவில் அமர்ந்ததும் பின் இருக்கைக்கு இடமில்லை. பெட்டி படுக்கைக்கும் இடமில்லை. முதுகுக்குப் பின்னால் அடுப்பு எரிவதுபோல் வெப்பம். பின்னால் வருவதும் சரியாகத் தெரியாது. எளிதில் திரும்பும் வண்டி எளிதில் சுழன்றும் விடும். பிடி தவறினால் மீட்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். வசதிகளையெல்லாம் விட்டுக்கொடுத்து ஓட்டத்தையே முதன்மையாகக் கொள்வதுதான் சூப்பர் காரின் முதல் இலக்கணம்.

பலமா, எடையா?

விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது என்று நியூட்டனின் இரண்டாம் விதியில் படிக்கிறோம். அதே விசையில் அதிக முடுக்கம் வேண்டுமானால் நிறையைக் குறைக்க வேண்டும். ஆகவே எத்தனை குதிரைத்திறன் என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதே முழுக் கேள்வி.

இரண்டு கார்களை ஒப்பிடுவோம். 2005இல் வெளிவந்த புகாட்டி வேரான் காரின் எஞ்சினில் பதினாறு சிலிண்டர்கள், நான்கு டர்போக்கள். மொத்தம் 1001 குதிரைத்திறன். ஆனால் எடை ஏறக்குறைய 1,888 கிலோ. 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்-1 காருக்கு 627 குதிரைத்திறன்தான். எடையோ 1,138 கிலோ. வகுத்துப் பார்த்தால் வேரானுக்கு டன்னுக்கு 530, மெக்லாரனுக்கு டன்னுக்கு 551! மூன்றில் இரண்டு பங்குகூட இல்லாத சக்தியை வைத்துக்கொண்டு, பதின்மூன்று ஆண்டுகள் மூத்த கார் இந்தக் கணக்கில் முந்துகிறது.

மெக்லாரனை வடிவமைத்த கார்டன் மர்ரி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1946இல் பிறந்தவர். ஓட்டுநர் நடுவிலும் அவருக்கு இருபுறம் சற்றுப் பின்னால் இருவரும் அமரும்படி மூன்று இருக்கை அமைத்தார். காரின் உடற்கூட்டைக் கார்பன் இழையால் செய்தார். கார்பன் இழை என்பது தலைமயிரைவிட மெல்லிய கரிம நூல். அதைத் துணிபோல் நெய்து, பிசினில் தோய்த்து, அச்சில் அடுக்கடுக்காகப் படிய வைத்து, அழுத்தமும் வெப்பமும் சேர்ந்த பெரிய கலத்தில் வேக வைக்கிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் அண்ணன் என்று அந்தக் கலத்தைச் சொல்லலாம். வெளியே வருவது எஃகினும் மிக இலேசான, ஆனால் வளையாத கூடு. எஞ்சின் அறையின் வெப்பத்தைத் திருப்பி அனுப்ப மர்ரி பயன்படுத்தியது தங்கத் தகடு! ஒரு காருக்குச் சுமார் 16 கிராம், அதாவது இரண்டு பவுன். ஆடம்பரத்துக்காக அல்ல, வெப்பத்தைப் பிரதிபலிப்பதில் தங்கம் சிறந்தது என்பதற்காக.

காற்று என்னும் எதிரி

வேகம் கூடக் கூடக் காற்று சுவராக மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்ல வேண்டிய சக்தியோ எட்டு மடங்கு. 100 கிலோமீட்டர் வேகத்துக்கும் 400 கிலோமீட்டர் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் நான்கு மடங்குதான் என்று நினைக்கத் தோன்றும். காற்றைக் கிழிக்க மட்டும் 64 மடங்கு சக்தி வேண்டும்! வேரான் 407 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 1001 குதிரைத்திறன் ஏன் தேவைப்பட்டது என்பது இப்போது விளங்கும்.

அவ்வளவு சக்தியை எரித்தால் அவ்வளவு வெப்பமும் எழும். ஆகவே வேரானில் பத்து ரேடியேட்டர்கள் இருந்தன. முழு வேகத்தில் ஓட்டினால் அதன் 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; டயர்கள் 15 நிமிடமே தாங்கும். 'நல்லவேளை, டயர் போகுமுன் பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

காற்று எதிரி மட்டும் அல்ல. பழக்கினால் தோழனும் ஆகும். விமானத்தின் இறக்கை காற்றால் மேலே தூக்கப்படுகிறது. அதே இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காரின் பின்புறம் பொருத்தினால், காற்று வண்டியைச் சாலையோடு அழுத்துகிறது. எடையைக் கூட்டாமலே டயரின் பிடி கூடுகிறது.

நிற்பதும் ஒரு கலை

ஓடும் பொருளின் இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே கூடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியைவிட 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே வண்டியிடம் 16 மடங்கு ஆற்றல் இருக்கிறது. நிறுத்தும்போது அவ்வளவும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். அதனால்தான் வேரான் போன்ற கார்களில் கார்பனும் பீங்கானும் கலந்த பிரேக் வட்டுகளைப் பயன்படுத்தினார்கள். பிரேக்கை அழுத்தி மிதித்தால் வேரானின் பின்புற இறக்கையும் நிமிர்ந்து எழுந்து காற்றைத் தடுக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இயற்பியல் சட்டம் சூப்பர் காருக்கு ஒன்று, சாதாரண ஸ்கூட்டருக்கு ஒன்று என்று இல்லை. வேகத்தை இரட்டிப்பாக்குகிறவர் ஆபத்தை நான்கு மடங்காக்குகிறார். பீங்கான் பிரேக்கும் கார்பன் கூடும் இல்லாத வண்டியில் தெருவில் பந்தயம் விடும் அண்ணன்மார், அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் நல்லது. வேரானின் வேகம் அளக்கப்பட்டதும் ஊர்த் தெருவில் அல்ல. அதற்கென்றே அமைந்த சோதனைத் தடத்தில்.

வேகம் மட்டும் போதுமா?

ஒரு காலத்தில் வேகமே போதுமானதாக இருந்தது. இன்று அப்படியில்லை. 2021இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு நான்கு கதவுள்ள குடும்பக் கார். ஆனால் மின்மோட்டார்களின் பலத்தால், நின்ற நிலையிலிருந்து வேகமெடுப்பதில் பழைய சூப்பர் கார்கள் அனைத்தையும் அது பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அதை எவரும் சூப்பர் கார் என்று அழைப்பதில்லை. குரோவேஷிய நாட்டின் ரீமாட்ஸ் நெவேராவும் மின்சாரக் கார்தான். அதைச் சூப்பர் கார்களுக்கும் மேலே வைத்துப் பேசுகிறார்கள்.

ஆகவே இலக்கணத்தை நாம் இப்படித் தொகுக்கலாம். முதலாவது, ஓட்டத்தையே குறிக்கோளாகக் கொண்டு தொடக்கம் முதல் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, எடைக்கு மிஞ்சிய சக்தி வேண்டும். மூன்றாவது, திரும்புவதிலும் நிற்பதிலும் அந்தச் சக்திக்கு ஈடு கொடுக்க வேண்டும். நான்காவது, பார்த்தவுடன் மனத்தில் பதியும் உருவம் வேண்டும். ஐந்தாவதாக உலகம் சேர்த்துக்கொண்ட ஒன்றுண்டு. அதுதான் அருமை, அதாவது எண்ணிக்கையில் குறைவு.

மியூரா ஏழரை நூற்றுக்குச் சற்று மேலேதான் செய்யப்பட்டது. மெக்லாரன் எஃப்-1 பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தம் 106தான். அவற்றுள் ஒன்று 2021இல் கலிஃபோர்னியாவில் ஏலத்துக்கு வந்தபோது 2 கோடி டாலருக்கும் மேல் விலைபோனது. அந்தத் தொகையில் எஞ்சினுக்கும் இரண்டு பவுன் தங்கத்துக்கும் எவ்வளவு, அருமைக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பங்கு அருமையின் விலைதான்.

கைக்கெட்டும் விலையில் உண்டா?

இப்போது இரண்டாம் கேள்விக்கு வருவோம். மேற்சொன்ன ஐந்தில் ஐந்தாவதை மலிவாக வாங்க முடியாது. எல்லோரும் வாங்கக்கூடியது அருமையானதாக இராது. அருமையானது எல்லோருக்கும் எட்டாது. ஆனால் முதல் நான்கும் அறிவாலும் உழைப்பாலும் ஆனவை. அவற்றை மலிவாக்க முடியுமா என்று பலர் முயன்றிருக்கிறார்கள்.

மியூராவை வரைந்த அதே காந்தினியின் கையிலிருந்து 1972இல் ஃபியட் எக்ஸ் 1/9 என்ற சின்னஞ்சிறு கார் பிறந்தது. சாதாரணக் குடும்பக் காரான ஃபியட் 128இன் எஞ்சினை அப்படியே எடுத்து, மியூராவைப் போலவே குறுக்குவாட்டில், இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். 1290 சி.சி. எஞ்சின், 75 குதிரைத்திறன். மியூராவின் பலத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வளைவில் திரும்பும் இன்பம் சாதாரண மக்களுக்கும் கிடைத்தது.

1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் எலீஸ் என்ற காரை வெளியிட்டது. அப்போதைய தலைவரின் பேத்தி எலிசாவின் பெயரால் அமைந்த பெயர் அது. அலுமினியச் சட்டங்களைப் பற்றவைக்காமல், பசையால் ஒட்டிச் செய்தார்கள்! அந்த அடிக்கூட்டின் எடை 68 கிலோ. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடைதான். முழுக் காரும் 725 கிலோவுக்குள் அடங்கியது. 118 குதிரைத்திறன் போதுமானதாயிற்று. விலை 20,000 பவுண்டுக்கும் குறைவு. கணக்குப் போட்டால் டன்னுக்கு 163 குதிரைத்திறன்தான். ஆகவே இதைச் சூப்பர் கார் என்று சொல்லாமல், சூப்பர் காரின் தங்கை என்று சொல்லலாம்.

உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது ஜப்பான். ஹோண்டா நிறுவனம் 1989இல் காட்டி 1990இல் விற்கத் தொடங்கிய என்.எஸ்.எக்ஸ். காரின் உடல் முழுவதும் அலுமினியம். எஃகில் செய்திருந்தால் கூடியிருக்கும் எடையில் ஏறத்தாழ 200 கிலோ மிச்சம். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழன்று 270 குதிரைத்திறன் வரை கொடுத்தது. உலகப் புகழ்பெற்ற பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா சுசூகா தடத்தில் ஓட்டிப் பார்த்து, உடல் இன்னும் விறைப்பாக வேண்டும் என்று கருத்துச் சொன்னார். நிறுவனமும் விறைப்பைக் கூட்டியது. அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 60,000 டாலர்; அன்றைய ஃபெராரியைவிட வெகுவாகக் குறைவு.

விலையைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதுவரை சூப்பர் கார் என்றால் அடிக்கடி கெடும், இருக்கை இடுப்பை ஒடிக்கும், கிளட்ச் காலை நோகச் செய்யும் என்று உலகம் பொறுத்துக்கொண்டிருந்தது. என்.எஸ்.எக்ஸ். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பியது. அலுவலகத்துக்கும் சென்றது, பந்தயத் தடத்துக்கும் சென்றது. கார்டன் மர்ரியே அதை ஓட்டிப் பார்த்துத் தம் மெக்லாரனுக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டார். மலிவான கார் விலையுயர்ந்த காருக்கு ஆசிரியை ஆன கதை இது!

அடுத்தது அமெரிக்கா. பெல்ஜியத்தில் ருஷ்யப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஸோரா ஆர்க்கஸ்-டன்ட்டோவ் என்ற பொறியாளர், கார்வெட் காரின் எஞ்சினை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1960 வாக்கிலேயே மாதிரி வண்டி செய்து காட்டினார். நிறுவனம் செவிசாய்க்கவில்லை. அவர் 1975இல் ஓய்வு பெற்றார், 1996இல் மறைந்தார். அவர் கனவு 2019இல்தான் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான எட்டாம் தலைமுறைக் கார்வெட்டில் 6.2 லிட்டர் எஞ்சின் ஓட்டுநரின் பின்னால் அமர்ந்தது. 490 குதிரைத்திறனுக்கு மேல். மணிக்கு 60 மைல் வேகத்தை மூன்றே விநாடிகளில் எட்டியது. தொடக்க விலை 60,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. 1990க்கும் 2019க்கும் இடையே டாலரின் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டதை எண்ணினால், இது என்.எஸ்.எக்ஸை விடவும் மலிவு. ஆயிரக்கணக்கில் செய்வதாலும், எல்லா நுட்பத்தையும் புதிதாகக் கண்டுபிடிக்காமல் பழகிய எஞ்சினையே சீர்திருத்தியதாலும் இது கைகூடியது.

ஆனாலும் அறுபதாயிரம் டாலர் என்பது அந்நாட்டிலும் சாதாரணக் குடும்பத்துக்குப் பெருந்தொகையே. 'கைக்கெட்டும்' என்ற சொல், யாருடைய கை என்பதைப் பொறுத்தது என்பதை மறக்கலாகாது.

பழைய கார் என்னும் பொறி

புதியது எட்டாவிட்டால் பழையதை வாங்கலாமே என்று தோன்றும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருபது முப்பது ஆண்டுப் பழைய சூப்பர் கார்கள் சில, புதிய குடும்பக் காரின் விலைக்கே விற்கப்பட்டதுண்டு. இங்கேதான் பலர் சேமிப்பை இழந்தார்கள். யானையை வாங்கப் பணம் இருந்தால் போதாது. தீனி போடவும் பணம் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1994 முதல் 1999 வரை வந்த ஃபெராரி எஃப்-355 காரில் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடும் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டு அது அறுந்தால், திறந்து நிற்கும் வால்வை பிஸ்டன் வந்து மோதி எஞ்சினே பாழாகும். அந்த பெல்ட்டை மாற்ற முழு எஞ்சினையும் கீழே இறக்க வேண்டும்! பெல்ட்டின் விலை சிறிது. இறக்கி ஏற்றும் கூலியோ மிகப் பெரிது. அடுத்து வந்த 360 காரில் இருக்கைக்குப் பின்னாலேயே ஒரு மூடி வைத்து, எஞ்சினை இறக்காமல் மாற்ற வழி செய்தார்கள். வாங்குபவர் பார்க்க வேண்டியது வண்டியின் நிறத்தை அல்ல, இத்தகைய விவரங்களைத்தான்.

இன்னொரு பொறி, வேஷம். 1984 முதல் 1988 வரை அமெரிக்காவில் பான்டியாக் ஃபியேரோ என்ற நடு எஞ்சின் கார் மலிவாகக் கிடைத்தது. அதன் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, ஃபெராரி போன்ற கண்ணாடி இழைக் கூட்டைப் போர்த்தி ஓட்டியவர் பலர். புலித்தோல் போர்த்திய பசு புலியாகாது. மேலே சொன்ன ஐந்தில் நான்காவதைக்கூட இரவல் வாங்கியவர்கள் அவர்கள்.

எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும் விதிகள் சில உண்டு. பழுதுபார்த்த ரசீதுகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த வகை வண்டியை நன்கறிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்ட வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்; 1520 என்று இருந்தால் அது 2020ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடானால் பிடிப்பு இராது. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், பழுதுக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும். கடைசி விதியை நம் வீட்டுப் பெரியவர்கள் சைக்கிள் வாங்கும்போதே சொல்லியிருப்பார்கள்.

முடிவுரை

சூப்பர் காரை உண்டாக்குவது வேகம் மட்டும் அல்ல, விலை மட்டும் அல்ல. ஓட்டம் என்ற ஒரே குறிக்கோளுக்காக மற்றவற்றை விட்டுக்கொடுத்த சிந்தனையே அதை உண்டாக்குகிறது. அந்தச் சிந்தனையைக் குறைந்த விலையில் பெற முடியும் என்பதற்கு எக்ஸ் 1/9, எலீஸ், என்.எஸ்.எக்ஸ்., கார்வெட் ஆகிய நான்கும் சாட்சி. ஆனால் ஊரார் வியக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வாங்குபவருக்கு மலிவான சூப்பர் கார் என்று ஒன்று கிடையாது. விரலுக்கேற்ற வீக்கம் என்பது கார் கொட்டகைக்கும் பொருந்தும்.

எங்களுள் எவருக்கும் இத்தகைய கார் வாங்கும் எண்ணம் இப்போது இல்லை. பேருந்துக் கட்டணத்தை எண்ணிக் கொடுக்கும் வயது எங்களுக்கு. ஆனால் வாங்குவதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது, அது படைப்பது. மியூராவை வரைந்தபோது காந்தினிக்கு வயது 27. எங்களுக்கு இப்போது 15. இடையில் இருப்பது பன்னிரண்டே ஆண்டுகள். கணக்கும் இயற்பியலும் மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கும் பாடங்கள் அல்ல. வளைவில் ஒரு வண்டியைக் கவிழாமல் நிறுத்துவதும் அவைதாம், மோதலில் ஓர் உயிரைக் காப்பதும் அவைதாம். தொப்பி ஊசியால் வழியைத் திறந்த அந்த அம்மையாருக்குப் பின்னால் வந்தவர்கள் நாம். எவரும் வாங்கக்கூடிய விலையில், எவரையும் காக்கக்கூடிய கார் ஒன்றை நம்முள் ஒருத்தி என்றாவது படைப்பாளாயின், அதையும் உலகம் 'சூப்பர்' என்றே அழைக்கும்.

பத்தாம் வகுப்பு மாணவி
'அ' பிரிவு